அலெக்சி செரெபானோவ்: மூன்று பருவங்களில் முடிந்த ஆட்டம்

ரஷ்ய ஐஸ் ஹாக்கியைப் பற்றிய எழுத்துகளில் அலெக்சி செரெபானோவின் பெயர் வரும்போதெல்லாம், அவர் உயிரோடு இருந்திருந்தால் எவ்வளவு பெரிய வீரராகியிருப்பார் என்ற ஏக்கமும் கூடவே வருகிறது. பத்தொன்பது வயதில் ஆட்டத்தின் நடுவே இறந்துபோன ஒருவரைப் பற்றி அப்படி எழுதத் தோன்றுவது இயல்புதான் என்றாலும், அந்த ஏக்கம் அவருடைய மரணத்தை விதியின் கணக்கில் எழுதிவிட்டு, அதற்கு இடம்கொடுத்த மனிதக் கவனக்குறைவுகளை மறைத்துவிடுகிறது. அவருடைய திறமைக்குப் பதிவேடுகள் சான்றாக இருப்பதைப் போலவே, அந்தக் கவனக்குறைவுகளுக்கும் சான்றுகள் இருக்கின்றன.

தெற்குச் சைபீரியாவின் அல்தாய் பகுதியில் 1989 ஜனவரி 15 அன்று பிறந்த செரெபானோவ், அப்பகுதியின் தலைநகரான பர்னாவுலில் ஆட்டம் பழகி, பின்னர் இர்த்திஷ் ஆற்றங்கரை நகரமான ஒம்ஸ்க்கின் அவன்கார்ட் அணியில் சேர்ந்தார். களத்தின் பக்கவாட்டில் விரைந்து முன்னேறிக் கோலடிக்கும் பொறுப்புள்ள ‘விங்கர்’ என்னும் இடத்தில் அவர் ஆடினார். ஐஸ் ஹாக்கியில் ஓர் அணிக்குக் கோல் காப்பாளரையும் சேர்த்து ஆறு பேர் பனித்தளத்தில் இருப்பார்கள். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடக்கும் ஆட்டத்தில், எந்த வீரரும் தொடர்ந்து ஆடுவதில்லை. முக்கால் நிமிடம் முழுவீச்சில் சறுக்கி ஆடிவிட்டு, ஆட்டம் நிற்காதபோதே தடுப்பைத் தாண்டி பெஞ்சுக்குத் திரும்பி, ஓரிரு நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு மீண்டும் இறங்குவதே முறை. ‘ஷிஃப்ட்’ எனப்படும் இந்தச் சுழற்சி ஆட்டம் முழுவதும் திரும்பத் திரும்ப நடப்பதால், இதயத் துடிப்பு உச்சத்துக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். நலமான இதயம் இதைத் தாங்கும், நோயுற்ற இதயத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனை அதிகம் இல்லை.

2006–07 பருவத்தில், ரஷ்யாவின் அன்றைய முதன்மைப் போட்டித் தொடரான சூப்பர் லீகில் அவர் அறிமுகமானார். தம்மைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்களோடு மோத வேண்டிய அந்தத் தொடரில் 18 கோல்கள் அடித்து, அறிமுகப் பருவத்தில் பாவெல் பூரே அடித்திருந்த 17 கோல்களைத் தாண்டினார். பூரே பின்னாளில் உலகின் தலைசிறந்த கோலடிப்பாளர்களுள் ஒருவராக ஆனவர் என்பதால், இந்த ஒரு கோல் வித்தியாசம் அளவுக்கு மீறிய எதிர்பார்ப்பைக் கிளப்பியது. அதே பருவத்தின் நடுவில், ஸ்வீடனில் நடந்த இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் ஆறு ஆட்டங்களில் ஐந்து கோல்கள் அடித்து, சிறந்த முன்களவீரர் விருதைப் பெற்றார். ரஷ்யா கனடாவிடம் இறுதியாட்டத்தில் தோற்று வெள்ளி பெற்றது.

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகான என்எச்எல், ஆண்டுதோறும் ‘டிராஃப்ட்’ என்னும் தேர்வை நடத்துகிறது. அதில் ஒவ்வோர் அணியும் முறை வைத்து இளம் வீரர்களின் ஒப்பந்த உரிமையைப் பெறும். 2007ஆம் ஆண்டுத் தேர்வுக்கு முன், லீகின் திறனறிவோர் ஐரோப்பியக் களவீரர்களின் தரவரிசையில் செரெபானோவை முதலிடத்தில் வைத்திருந்தனர். ஆனால் அவர் பதினேழாவதாகத்தான், நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டார். வீரர்களை விடுவிப்பது தொடர்பான ஒப்பந்தத்தில் ரஷ்யா கையெழுத்திடாததால், ஒரு ரஷ்ய இளைஞர் எப்போது வருவார், வருவாரா என்பதே உறுதியில்லை. மற்ற அணிகளின் தயக்கத்துக்கு அது முக்கியக் காரணம். ரேஞ்சர்ஸ் காத்திருக்கத் துணிந்தது.

அந்தக் காத்திருப்பின் இடையே விந்தையான ஒன்று நிகழ்ந்தது. ரேஞ்சர்ஸின் பெரும் நட்சத்திரமாக இருந்த செக் வீரர் யாரொமிர் யாகர், 2008 கோடையில் நியூயார்க்கை விட்டு ஒம்ஸ்க்குக்கே வந்து சேர்ந்தார். நியூயார்க்குக்குப் போக வேண்டிய இளைஞரும் அங்கிருந்து வந்த மூத்தவரும் ஒரே தாக்குதல் வரிசையில் ஆடினார்கள். அந்த ஆண்டுதான் சூப்பர் லீகின் இடத்தில் கேஎச்எல் என்னும் கான்டினென்டல் ஹாக்கி லீக் தொடங்கியிருந்தது. முதல் 15 ஆட்டங்களில் செரெபானோவ் 8 கோல்கள் அடித்தார்.

2008 அக்டோபர் 13 அன்று, மாஸ்கோவுக்குத் தெற்கே உள்ள செக்கோவ் நகரில் வித்யாஸ் அணியோடு ஆட்டம். (எழுத்தாளரும் மருத்துவருமான செக்கோவ், அருகிலுள்ள மெலிகோவோவில் குடியிருந்து, காலரா பரவிய காலத்தில் சுற்றுவட்டார மக்களுக்கு மருத்துவம் பார்த்தவர், அவர் பெயரைத் தாங்கிய ஊரில்தான் இது நடந்தது.) ஆட்டம் முடியும் தறுவாயில், யாகருடன் ஒரு ஷிஃப்டை முடித்துவிட்டு வந்து பெஞ்சில் அமர்ந்த செரெபானோவ் அப்படியே சரிந்தார். உடல் மோதலோ அடியோ ஏதுமில்லை. அரங்கில் இருக்க வேண்டிய ஆம்புலன்ஸ் அதற்குள் கிளம்பிப் போயிருந்தது. அதைத் திரும்ப அழைத்து வரவேண்டியதாயிற்று. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ‘டிஃபிப்ரிலேட்டர்’ கருவி கைக்கு வந்தபோது அதன் பேட்டரியில் மின்சாரம் இல்லை. மருத்துவமனையிலும் அவரைக் காப்பாற்ற இயலவில்லை.

இந்தத் தாமதத்தின் பொருளை உணர, அத்தகைய நேரத்தில் இதயத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கினால், ரத்தத்தை வெளித்தள்ளும் வேலை நின்றுபோகும். அந்தக் குழப்பத்தை அடக்கி இயல்பான துடிப்பை மீட்க மின்னதிர்ச்சியே வழி. மார்பை அழுத்தும் முதலுதவியும் இல்லாமல் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும், பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு.

அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் ரஷ்யப் புலனாய்வுக் குழு வெளியிட்ட முடிவுகள் மேலும் கலக்கம் தருபவை. செரெபானோவுக்கு மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசை அழற்சி இருந்தது என்றும், அந்த நிலையில் அவர் தொழில்முறை விளையாட்டில் இறங்கியிருக்கவே கூடாது என்றும் அது கூறியது. பெரும்பாலும் வைரஸ் தொற்றுக்குப் பின் வரும் இந்நோய், சில வேளைகளில் சாதாரணச் சோர்வைத் தவிர வேறு அறிகுறியே காட்டாது. கண்டறியப்பட்ட வீரர்கள் மூன்று முதல் ஆறு மாதங்கள் களத்துக்கே வரக்கூடாது என்பது மருத்துவர்களின் வழக்கமான பரிந்துரை, அப்படி ஓய்வெடுத்து ஆட்டத்துக்குத் திரும்பியவர்களும் உண்டு. ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு நிகெத்தமைடு என்னும் தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து அவர் உடலில் சென்றிருந்ததாகவும் அதே முடிவுகள் தெரிவித்தன. செய்தித்தாள்கள் ஊக்கமருந்தையே தலைப்பாக்கின; ஆனால் ஓர் அணியின் மருத்துவச் சோதனைகளையெல்லாம் கடந்து நோயுற்ற இதயம் ஒன்று களம்வரை வந்தது எப்படி என்பதே அதைவிடப் பெரிய கேள்வி.

இதே விளையாட்டில், இதே போன்றதொரு பெஞ்சில், வேறொரு முடிவும் சாத்தியம் என்பதற்குச் சான்று உண்டு. 2005 நவம்பர் 21 அன்று டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியின் யிரி ஃபிஷர் ஆட்டத்தின் நடுவே பெஞ்சில் சரிந்தார். அவருடைய இதயமும் நின்றது. அணி மருத்துவர் டோனி கொலூச்சி உடனே மார்பை அழுத்தத் தொடங்க, அருகிலேயே தயாராக இருந்த டிஃபிப்ரிலேட்டரும் வேலை செய்தது. ஃபிஷர் அதன்பின் ஆடவில்லையே தவிர, உயிர் பிழைத்து அதே அணியின் இளம் வீரர்களை வளர்த்தெடுக்கும் பணியில் சேர்ந்தார். இரு அரங்குகளுக்கும் இருந்த வேறுபாடு, மின்சாரம் உள்ள ஒரு பேட்டரியும் கைக்கெட்டும் தூரத்தில் நின்ற ஒரு மருத்துவரும்தான். கேஎச்எல் பிறகு வீரர்களின் மருத்துவச் சோதனைகளையும் அரங்குகளின் அவசர ஏற்பாடுகளையும் கடுமையாக்கியது. மூன்றாண்டுகளுக்கு முன்பே டெட்ராய்ட்டில் கிடைத்த பாடம் செக்கோவ் நகரை எட்ட ஓர் உயிர் தேவைப்பட்டது.

அவன்கார்ட் அணி செரெபானோவின் 7ஆம் எண் சட்டையை வேறு யாருக்கும் தருவதில்லை. ஒப்பந்தம் செய்யப்படாமல் போன முதல் சுற்று வீரருக்கு ஈடாக, விதிப்படி ரேஞ்சர்ஸுக்கு 2009 தேர்வின் இரண்டாம் சுற்றில் கூடுதலாக ஒரு வாய்ப்பு வழங்கப்பட்டது. கேஎச்எல் ஆண்டுதோறும் சிறந்த அறிமுக வீரருக்கு வழங்கும் விருது செரெபானோவின் பெயரால் அமைந்துள்ளது. 2013இல் அதைப் பெற்ற வலேரி நிச்சுஷ்கின், அதே ஆண்டு என்எச்எல் தேர்வில் பத்தாவதாக எடுக்கப்பட்டு அமெரிக்கா சென்று, 2022இல் கொலராடோ அணியோடு ஸ்டான்லி கோப்பையை வென்றார்.