கார்டு பீரோவில்... ஆள் ஐ.சி.யூ.வில்!

சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணி. சத்தி ரோடு இரைச்சல் அடங்கி, சரவணம்பட்டி மறுபடி கிராமமாகிற நேரம். கதவு தட்டப்பட்டது.

"தம்பி, பெரியப்பாவுக்கு நெஞ்சை அடைக்குதுங்கறார். சித்த வாங்க சாமி!"

பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஹவில்தார். 1994-ல் ஓய்வு பெற்றவர். வியர்வையில் குளித்தபடி, "ஒண்ணுமில்லீங், வாயுதான்" என்றார். ராணுவத்தில் அதற்கும் டிரெய்னிங் கொடுப்பார்கள் போலிருக்கிறது!

இருப்பதிலேயே கிட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஹார்ட் அட்டாக்தான். உள்ளே ஸ்ட்ரெச்சர் போனது; வெளியே கவுண்ட்டர் கூப்பிட்டது.

"இன்சூரன்ஸ் இருக்குங்களா?"

"மிலிட்டரி கார்டு ஒண்ணு பீரோவுல, மெடல் டப்பாக்குள்ள இருக்குதுங்" என்றார் பெரியம்மா.

"ஈ.சி.ஹெச்.எஸ்.ஸா? அந்த லிஸ்ட்ல நாங்க இல்லீங்க. அம்பதாயிரம் கட்டிடுங்க."

மாடியில் குடியிருக்கும் ஐ.டி. கம்பெனிப் பையன் தன் கார்டைத் தேய்த்தான். (என் கார்டைத் தேய்த்திருந்தால் மெஷின் சிரித்திருக்கும்.)

புனேயிலிருந்து மகன் போனில் பதறினார். "லிஸ்ட்ல இல்லாத ஆஸ்பத்திரின்னா ஒரு பைசா வராதுங்களே அண்ணா! வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாமா?"

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இப்ப ஆம்புலன்ஸ்ல ஏத்தினா வழியிலேயே எதுவும் நடக்கலாம். உங்க இஷ்டம்."

மாற்றவில்லை. ஆனால் வயிற்றில் புளி கரைத்தது. தவறான யோசனை சொல்லி, ஒரு பென்ஷன்காரரின் சேமிப்பைக் கரைக்கிறோமோ?

ஞாயிறு முழுக்க அந்த விதிகளைத்தான் படித்தேன். பி.காம். படித்ததற்கு அன்றுதான் உபயோகம்!

முன்னாள் படைவீரர்களுக்கான இந்தப் பங்களிப்பு சுகாதாரத் திட்டம் 2003 ஏப்ரல் 1-ல் வந்தது. கண்டிப்பாகப் பார்த்தால் இது இன்சூரன்ஸே அல்ல. வருஷா வருஷம் பிரீமியம் கிடையாது. ஓய்வு பெறும்போது ஒரே தடவை பணம். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு அதுவும் இல்லை. நம் ஹவில்தார் காலணா கட்டாத மெம்பர்! மனைவிக்கும் உண்டு. மகனுக்கு 25 வயது வரைதான், அதற்குள் வேலையோ கல்யாணமோ வந்துவிட்டால் அதோடு சரி.

சாதாரண நாளில் பாலிகிளினிக் போய், ரெஃபரல் வாங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரி. மாரடைப்பு, பக்கவாதம், பெரிய விபத்து, பாம்புக்கடி என்று உயிர் ஊசலாடும்போது ரெஃபரல் தேவையில்லை. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி என்றால் அட்வான்ஸ் கேட்கக்கூடாது. பில் நேராக அரசுக்குப் போகும்.

பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியா? அதற்கும் போகலாம் ஸார்! முதலில் நாம் கட்டிவிட்டு, பிறகு திரும்பக் கேட்க வேண்டும். ஆனால் அட்மிட் ஆன 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆள் ஐ.சி.யூ.வில் கிடக்கும்போது யாருக்கு இதெல்லாம் ஞாபகம் வரும்?

கிடைப்பதும் முழுத்தொகை அல்ல. மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் ரேட்டுதான். பில் ஒரு லட்சம், அந்தக் கணக்கில் அறுபதாயிரம் என்றால் அறுபதுதான். மிச்சம் நம் பற்று.

திங்கள் காலை கோயம்புத்தூர் பாலிகிளினிக் திறந்தபோது வாசலில் நான். கையில் கார்டு, அட்மிஷன் சீட்டு. 34 மணி நேரம் ஓடியிருந்தது. உள்ளே இருந்தவர் எழுதி வாங்கிக்கொண்டு, "டிஸ்சார்ஜ் ஆகறப்போ எமர்ஜென்சி சர்டிபிகேட்டும் ஒரிஜினல் பில்லும் மறக்காம வாங்கிக்கங்க. மறந்துட்டு அப்புறம் அலையறவங்கதான் ஜாஸ்தி" என்றார்.

வாங்கிவிட்டோம். கிளெய்ம் போட்டாயிற்று, பணம் இன்னும் வரவில்லை. மாடிப் பையன் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரிக்கிறான்.

ஹவில்தார் வாக்கிங் போக ஆரம்பித்துவிட்டார். கார்டு இப்போது பீரோவில் இல்லை. பாலிகிளினிக் நம்பரைப் பின்னால் ஒட்டி, டி.வி.க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார் பெரியம்மா. மேலே ரிமோட்.

"ஏனுங் தம்பி, அது தினமும் தேடற சாமானுங்களே!"