பள்ளி மாணவருக்குப் பகுதிநேர வேலை: சட்டமும் சந்தையும்

எங்கள் தெருவில் வசிக்கும் பிளஸ் 1 மாணவன் ஒருவன் அண்மையில் என்னிடம் வந்து, “ஐயா, பகுதிநேர வேலை ஏதாவது கிடைக்குமா?” என்று கேட்டான். தந்தை நோயுற்றதால் வீட்டில் வருமானம் குறைந்திருந்தது. துணிக்கடையிலும் மருந்துக்கடையிலும் பதினெட்டு வயது முடிந்த பிறகு வரச் சொல்லிவிட்டார்களாம். திருமண விருந்துகளுக்குப் பரிமாற ஆள் அனுப்பும் ஒருவர் மட்டுமே வேலை கொடுத்திருக்கிறார். அதுவும் பெரியவர்களின் கூலியில் பாதிக்கு.

பதினெட்டு வயதுக்குக் கீழ் வேலை செய்வதே குற்றம் என்று பலரும் நினைக்கின்றனர். அது சரியன்று. 2016-இல் திருத்தப்பட்ட 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது நிறையாதவர்களைப் பணியமர்த்துவதையே பொதுவாகத் தடை செய்கிறது. 14 முதல் 18 வயது வரையிலான வளரிளம் பருவத்தினர், சுரங்கம், வெடிபொருள், அபாயகரமான தொழில்முறைகள் போன்றவை தவிர்த்த பிற வேலைகளைச் செய்யலாம்.

ஆனால், நிபந்தனைகள் உண்டு. தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. பிறகு ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமே. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை கூடாது. மிகைநேரப் பணியும் கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை.

இதைக் கடிகாரத்தோடு பொருத்திப் பாருங்கள். நாலேகாலுக்குப் பள்ளி விட்டால் ஏழு மணிக்குள் என்ன வேலை பார்க்க முடியும்? எனவே, வார இறுதியும் கோடை விடுமுறையுமே எஞ்சுகின்றன. திருமண வீட்டிலோ மாலை வரவேற்பின் பந்தி ஏழு மணிக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். முகூர்த்தச் சிற்றுண்டி எட்டு மணிக்கு முன்பே தொடங்கிவிடும். அவனுக்குக் கிடைத்த ஒரே வேலை, சட்டம் விலக்கிய நேரத்தில் அமைந்த வேலை!

இது தற்செயல் அன்று. வளரிளம் பருவத்தினரைப் பணியமர்த்துபவர் ஆய்வாளருக்குத் தகவல் தர வேண்டும். பிறந்த தேதி, பணிநேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒழுங்காக நடக்கும் கடை, இந்தத் தொல்லை வேண்டாம் என்று ஒதுங்குகிறது. பதிவேடே இல்லாதவருக்கு அந்தத் தயக்கம் கிடையாது. விளைவாக, நல்ல முதலாளிகள் சந்தையிலிருந்து விலக, மற்றவர்களே எஞ்சுகின்றனர். பேரம் பேசும் வலுவில்லாத மாணவன் பாதிக் கூலியை ஏற்றுக்கொள்கிறான்.

எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்பில் இருந்த காலத்தில், ஒரு கோடை விடுமுறையில் நான் மண்டி ஒன்றில் சிட்டையைப் பார்த்துப் பேரேடு எழுதினேன். வரவும் செலவும் எனக்கு முதலில் புரிந்தது அங்கேதான். அதனால், படிக்கிற பிள்ளைக்கு வேலை எதற்கு என்ற பேச்சில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. படிப்பைத் தின்னும் வேலைதான் கூடாது. தொழிலாளர் துறை எளிய தமிழில் இரண்டு பக்க விளக்கமும் ஒரு மாதிரிப் பதிவேடும் வெளியிட்டு, தலைமையாசிரியர்கள் வழியே கடைக்காரர்களிடம் சேர்த்தால் தயக்கம் பாதி குறையும்.

அந்த மாணவனை எழுதுபொருள் கடை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். சனி, ஞாயிறுகளில் காலை பத்து முதல் மாலை நான்கு வரை, நடுவே ஒரு மணி நேர ஓய்வு என்பதற்கு உரிமையாளர் இசைந்தார். கூலி என்றதும், “பையன்தானே சார்...” என்று இழுத்தார். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.