நன்கானா சாஹிப்: யாத்திரையும் நிலவுடைமையும்

யாத்திரைத் தலமொன்றின் வரலாறு பக்தியின் வரலாறு மட்டுமன்று. அதற்குரிய நிலத்தின் வரலாறுமாகும். குரு நானக் 1469 இல் பிறந்த இடமாகச் சீக்கியர் போற்றும் நன்கானா சாஹிப் இதற்குத் தக்க சான்றாகும். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்திலுள்ள இத்தலத்துக்கு மானியமாக விடப்பட்டிருந்த நிலங்கள், பிரித்தானியராட்சியிற் கால்வாய்ப் பாசனம் விரிவடைந்தபோது பெருவருவாய் தரலாயின. அவற்றை மேற்பார்த்துவந்த மகந்துகள் என்னும் மடத்தலைவர்கள் உடைமையாளராகவே ஒழுகத் தலைப்பட்டனர். சாதிபேதமின்றி யாவரும் ஒரே பந்தியில் அமர்ந்துண்ணும் லங்கர், சீக்கிய நெறியின் சமத்துவக் கோட்பாட்டுக்கு உருவம் தந்த நிறுவனம். எனினும், அதனைத் தாங்கும் நிலவருவாய் தனியொருவர் கையில் இருக்கும்வரை அச்சமத்துவம் முழுமை பெறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இம்முரண்பாடே 1921 பெப்ரவரி 20 ஆந் திகதி வெடித்தது. தலத்தினுட் சென்ற அகாலி இயக்கத்தினர் பலர் மகந்தின் கூலிப்படையினராற் கொல்லப்பட்டனர். தொடர்ந்த போராட்டத்தின் பேறாக, 1925 ஆம் ஆண்டுச் சட்டம் பஞ்சாபின் வரலாற்றுச் சிறப்புடைய குருத்துவாராக்களின் நிருவாகத்தைத் தேர்தல்மூலம் அமையுங் குழுக்களிடம் ஒப்படைத்தது.

1947 இல் நாடு பிரிக்கப்பட்டபோது அப்பகுதிச் சீக்கியருட் பெரும்பாலானோர் இந்தியாவுக்குப் பெயர்ந்தனர். போராடி மீட்ட தலத்துக்கே அவர்கள் கடவைச்சீட்டுடன் வரும் யாத்திரிகராயினர். ஆகவே, இன்று அங்கு பந்தியில் அமர்வோர் நினைவுகூர்வது குருவின் பிறப்பை மட்டுமன்று; அப்பந்தியைப் பொதுவாக்க உயிர்நீத்தோரையுமாகும்.