அபாயச் சங்கிலி

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் குடும்பத்தார்க்கு ஒரு விண்ணப்பம். செருப்பு நழுவியது, வழியனுப்ப வந்தவர் இறங்கவில்லை என்று அபாயச் சங்கிலியை இழுப்போர் உளர். இழுத்ததும் பிரேக் குழாயின் காற்று வெளியேறி வண்டி நிற்கும். ஊழியர் அப்பெட்டியைத் தேடி வந்து சரிசெய்த பின்னரே நகரும். பின்வரும் வண்டிகளும் தேங்கும். அவற்றில் சிகிச்சைக்குச் செல்லும் நோயாளியும் இருக்கக்கூடும்.

1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141ஆம் பிரிவின்படி, தக்க காரணமின்றி இழுப்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பிரயாணி எவருக்கேனும் உடல்நலம் குன்றினால், நடுக்காட்டில் வண்டியை நிறுத்துவதால் வைத்தியர் வந்துவிடார். 139 என்ற எண்ணில் சொன்னால் வரும் நிலையத்தில் உதவி கோரலாம். தீ கண்டாலோ, குழந்தை நடைமேடையில் தங்கிவிட்டாலோ தயங்காது இழுங்கள். சங்கிலி இருப்பது அதற்கே.