பஸ் கட்டணமும் ஒரு பாடம்தான்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்ததும் எங்கள் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். மருத்துவம், பொறியியல், இல்லாவிட்டால் ஆசிரியத் தொழில். பொருளியல் படித்த பிள்ளையிடம், "இதைப் படித்து என்ன வேலை எடுக்கப்போகிறாய்?" என்று கேட்காத தாய்மார் குறைவு. தனியே குடும்பத்தைச் சுமக்கும் ஒரு தாய் அப்படிக் கேட்பது நியாயமே. அந்தத் தாய்மாருக்காக, அதிகம் பேசப்படாத ஒரு துறையை இங்கே அறிமுகப்படுத்துகிறேன். அதன் பெயர் போக்குவரத்துப் பொருளியல்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பஸ் கட்டணம் எவ்வளவாக இருக்க வேண்டும், எந்த ஊர் வீதியை முதலில் திருத்த வேண்டும், நட்டத்தில் ஓடும் பஸ்ஸை நிறுத்துவதா தொடர்வதா என்பவற்றைக் கணக்கிட்டு ஆராயும் படிப்பு இது. அதன் முதற்பாடத்தை நாங்கள் வகுப்பறைக்குப் போகாமலே படித்துவிட்டோம். 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்தில் சாமான் விலை ஏறிய விதத்தை மறந்தவர் யார்?

1844ஆம் ஆண்டு ஜூல் டுபுயி என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் பாலங்களில் அறவிடப்படும் கட்டணம் பற்றி எழுதினார். ஒரு பாலத்தின் நன்மையை அங்கே சேரும் காசைக் கொண்டு அளக்க முடியாது என்பது அவர் வாதம். கட்டணம் கூடினால் சிலர் அப்பாலத்தைக் கடப்பதையே விட்டுவிடுவார்கள். அவர்கள் இழப்பது எவருடைய கைக்கும் போய்ச் சேருவதில்லை; வீணே போகிறது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்படும் முன்னர், பூநகரியிலிருந்து யாழ்ப்பாணம் வரப் பரந்தன், ஆனையிறவு என்று சுற்றிய சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுற்றி வந்தவர்களை எண்ணலாம். வராமலே இருந்துவிட்டவர்களை யார் எண்ணுவது?

எனது வேலையில் நான் அதிகம் சந்திப்பது இந்த வராதவர்களைத்தான். கிளினிக் திகதியைத் தவறவிட்ட கர்ப்பிணி, பின்னேர வகுப்பு முடிந்தால் பஸ் இல்லை என்று படிப்பை நிறுத்திய பிள்ளை. "அந்த வழியில் ஆளில்லை" என்று சேவையைக் குறைக்கிறார்கள். குறைத்தபின் இன்னும் ஆள் குறைகிறது.

இந்தத் துறையில் பயணச் செலவு என்பது ரிக்கற் காசு மட்டுமல்ல. சந்திக்கு நடந்த நேரம், காத்து நின்ற நேரம், பஸ்ஸில் இருந்த நேரம் எல்லாவற்றுக்கும் விலை போட்டுக் கூட்டுவார்கள். ஓடும் பஸ்ஸில் இருக்கும் ஒரு நிமிடத்தைவிடத் தரிப்பிடத்தில் காத்திருக்கும் ஒரு நிமிடம் மனிதருக்குப் பாரமானது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சனங்களின் பயணத் தெரிவை முன்கூட்டிக் கணிக்கும் முறையை வளர்த்த டானியல் மக்பாடன் 2000ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். சான் பிரான்சிஸ்கோப் பகுதியில் புது ரயிலில் எத்தனை வீதம் பேர் வேலைக்குப் போவார்கள் என்று அவர் குழு கணித்தது 6.3, உண்மையில் போனது 6.2.

ஆனால் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். நேரத்துக்கு விலை போடும்போது பெரும்பாலும் சம்பளத்தையே அளவுகோலாக எடுக்கிறார்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சந்தைக்குப் போய், மாமியாருக்கு மருந்தெடுத்து வரும் பெண்ணின் நேரம் அதில் மலிவாகிவிடுகிறது. இன்னொன்று: இலங்கையில் பெண்களிலும் சிறுமியரிலும் 90 சதவீதத்தினர் பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாக ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் ஆய்வு 2017இல் தெரிவித்தது. நெரிசலுக்குப் பயந்து இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறுகிறவள் கொடுக்கும் விலையும் கணக்கில் வரவேண்டும் அல்லவா? அதைக் கேட்க, அப்படி நின்று பார்த்த ஒருத்தி அந்த மேசையில் இருக்க வேண்டும்.

இலங்கையில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து முகாமைத்துவத்துக்கெனத் தனித் துறை உண்டு. யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் பொருளியல் படித்துவிட்டும் இப்பக்கம் திரும்பலாம். மேற்படிப்புக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1966இல் தொடங்கிய போக்குவரத்துக் கற்கை நிறுவகம் பெயர் பெற்றது. எந்தப் பாடங்களுடன் எந்தக் கற்கைநெறிக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் வருடாவருடம் வரும். சென்ற வருடத்துக் கைந்நூலை நம்பி இருக்க வேண்டாம். கணிதம் கொஞ்சம் கூடுதலாகத்தான் தேவைப்படும், அதை மறைக்கவில்லை.

வேலை? வீதி அபிவிருத்தி அதிகார சபை, மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைகள், துறைமுகம், சரக்கு அனுப்பும் கம்பனிகள் என்று இடங்கள் உண்டு. வருமானமில்லாத கிராம வழிகளில் ஓடும் பஸ்களுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு மானியம் கொடுக்கும் ஒரு முறையும் நாட்டில் இருக்கிறது. எங்கள் ஊர் வழி அதற்குத் தகுதியானது என்று இலக்கத்தோடு எழுதிக் கொடுக்க, இதைப் படித்த ஒரு பிள்ளை ஊரில் இருந்தால் போதும்.