பிஸ்கட் டின்னில் உறங்கும் ஐம்பது வெள்ளி

உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறதா? பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், ஊழியர் சேமநிதிக் கடிதம், தாத்தாவின் பழைய சிவப்பு அடையாளக் கார்டு எல்லாம் பத்திரமாகக் கிடக்கும் டின். இந்தக் கட்டுரையை வாசித்து முடித்ததும் அதை இறக்கித் திறந்து பாருங்கள். அடியில் பளபளப்பான அட்டை ஒன்று கிடந்தாலும் கிடக்கும். எப்போதோ, யாரோ ஆசையாகக் கொடுத்த அன்பளிப்பு அட்டை.

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மலிவு விலை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பேரன் ஈப்போவில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்குப் பாட்டிக்கு ஐம்பது வெள்ளி அட்டை ஒன்றைப் பேரங்காடியில் வாங்கி, அழகான உறையில் போட்டுக் காலில் விழுந்து கொடுக்கிறான். பாட்டி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்தின் முன் வைக்கிறாள். பிறகு டின்னில் வைக்கிறாள். "பேரன் குடுத்தது, அதைப் போயி செலவழிக்கிறதா?" என்பது அவள் எண்ணம்.

அடுத்த தீபாவளி நெருங்குகிறது. பேரனுக்கே ஒரு சட்டை எடுத்துக் கொடுக்கலாம் என்று பாட்டி பஸ் ஏறுகிறாள். மேடான் கிட் நிலையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துக் கடைக்குப் போய், சட்டையைத் தேர்ந்தெடுத்து, வரிசையில் நின்று அட்டையை நீட்டுகிறாள். கல்லாவில் இருக்கும் பெண் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தவணை முடிந்துவிட்டது என்று மலாயில் சொல்கிறாள். பின்னால் நிற்பவர்கள் பார்க்கிறார்கள். பாட்டி சட்டையை அங்கேயே வைத்துவிட்டு வீடு திரும்புகிறாள். நடந்ததைப் பேரனிடம் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை மனம் நோகுமே!

ஐம்பது வெள்ளி போனது ஒரு பக்கம். அந்த வரிசையில் பாட்டி பட்ட வெட்கம் இன்னொரு பக்கம். கொடுத்தவன் குற்றமா, வாங்கியவள் குற்றமா? இருவரிடமும் அன்புக்குக் குறைவில்லை. அட்டை என்பது எப்படிப்பட்ட பணம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

மொய்யும் அட்டையும்

கொடுக்கல் வாங்கல் நமக்குப் புதிதா என்ன? தோட்டத்துக் கல்யாணத்தில் பந்தல் ஓரமாக மேசை போட்டு மொய் எழுதுவதை நாம் பார்த்து வளர்ந்தவர்கள். இரண்டு வெள்ளியோ ஐந்து வெள்ளியோ, இன்னார் இவ்வளவு என்று நோட்டில் ஏறிவிடும். அவர்கள் வீட்டில் விசேஷம் என்றால் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்வோம். தமிழ்நாட்டில் பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே ஒன்று நடக்கும். விருந்து வைத்து மொய் வாங்கி, அந்தப் பணத்தைத் தொழிலுக்கும் கடனுக்கும் பயன்படுத்திக்கொள்வார்கள். பிறகு மற்றவர்களின் விருந்தில் அதைத் திருப்பிச் செய்வார்கள். மொய்ப் பணத்துக்குத் தவணை உண்டு என்றாலும், அது எந்தக் கடையிலும் செல்லும். அரிசியாகும், பள்ளிக் கட்டணமாகும், மருந்தாகும்.

அன்பளிப்பு அட்டை அப்படியில்லை. அதில் இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று கடைப் பூட்டு, மற்றொன்று தேதிப் பூட்டு. சொன்ன கடையில், சொன்ன தேதிக்குள் மட்டுமே அது பணம். அதைத் தாண்டினால் வெறும் பிளாஸ்டிக்.

இந்த வழக்கம் தொடங்கியதென்னவோ நல்ல எண்ணத்தில்தான். ஹெரால்ட் ரேமண்ட் என்ற புத்தகப் பதிப்பாளரின் யோசனைப்படி 1932-இல் பிரிட்டனில் புத்தகச் சீட்டு அறிமுகமானது. எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று தெரியாதவருக்குச் சீட்டைக் கொடுத்துவிட்டால், அவரே போய் விருப்பமானதை எடுத்துக்கொள்வார். நம் நாட்டிலும் 2012-இல் உயர்கல்வி மாணவர்களுக்கு 200 வெள்ளி மதிப்புள்ள புத்தகப் பற்றுச்சீட்டை அரசாங்கம் வழங்கியது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அதைக் கொண்டு பாடநூல் வாங்கினார்கள்.

தாத்தா காலத்துச் சீட்டு

ஒரே கடையில் மட்டும் செல்லும் பணத்தை நம் பேராக் மாநிலம் வெகு காலத்துக்கு முன்பே கண்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லாருட்டிலும் கிந்தாவிலும் இருந்த ஈயச் சுரங்கங்களில், சுரங்க முதலாளியே கடையும் வைத்திருப்பார். கூலிகளுக்கு அரிசி, எண்ணெய், அபின் எல்லாம் அவர் கடையிலிருந்துதான் வரும், அவர் வைத்ததுதான் விலை. சம்பளக் கணக்குப் பார்க்கும் நாளில் கூலியின் கையில் மிஞ்சுவது சொற்பம். தோட்டங்களிலும் கடைக் கணக்கு சம்பளத்தை விழுங்கிய கதையை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இதனால்தான் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு ஒரு முக்கியமான பாதுகாப்பைத் தருகிறது. தொழிலாளி தன் சம்பளத்தை எந்த இடத்தில், எந்த விதத்தில், யாரிடம் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போட முடியாது. போட்டாலும் அது செல்லாது. இதை நன்றாக நினைவில் வையுங்கள். பெருநாளுக்கு நிர்வாகம் சம்பளத்துக்கு மேல் ஓர் அட்டையை அன்பளிப்பாகத் தந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளலாம். சம்பளத்திலேயே ஒரு பகுதியை அட்டையாகத் தருகிறேன் என்றால் அது வேறு விஷயம். ஆள்பல இலாகாவில் போய்க் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அடையாளக் கார்டில் வந்த நூறு வெள்ளி

பூட்டுப் போட்ட பணம் எப்படி இருக்கும் என்பதை அண்மையில் நாம் எல்லாருமே அனுபவித்துப் பார்த்தோம். 2025-இல் 18 வயது நிரம்பிய மலேசியக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் சாரா உதவியாக 100 வெள்ளி மைகாட் வழியே வந்தது. ஆகஸ்டு 31 முதல் டிசம்பர் 31 வரை, பதிவு பெற்ற கடைகளில் அடிப்படைப் பொருள்களை மட்டும் அதைக்கொண்டு வாங்க முடிந்தது. ரொக்கமாக எடுக்க முடியாது.

அப்போது உங்கள் வீட்டில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் பாட்டியைக் காரில் ஏற்றிக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். எந்தச் சாமானுக்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று பார்த்துச் சொன்னார்கள். தேதி முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்தினார்கள். அரசாங்கம் தந்த நூறு வெள்ளிக்கு இவ்வளவு அக்கறை காட்டிய நாம், பேரன் தந்த ஐம்பது வெள்ளியை மட்டும் டின்னில் தூங்க விடலாமா?

ஐம்பது வெள்ளி என்றால் சும்மாவா? 2025 ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும் பொருந்தும் 1,700 வெள்ளி குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை, வாரம் ஆறு நாள் வேலை என்று வகுத்தால், ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. ஐம்பது வெள்ளி அட்டை காலாவதியானால், முக்கால் நாள் உழைப்பு போனதாக அர்த்தம்.

கொடுப்பவர்களுக்கு

முதலில், அந்தக் கடைக்கு வாங்குகிறவர் எப்படிப் போவார் என்று யோசியுங்கள். ஈப்போவில் இருக்கும் தங்கைக்குக் கிந்தா சிட்டி ஈயோன் பக்கம்தான். இன்னமும் அதை ஜஸ்கோ என்றே சொல்லும் தோட்டத்துப் பெரியம்மாவுக்கு அது ஒரு நாள் பயணம். அவருக்கு அட்டை கொடுக்க ஆசையானால், அவர் மாதாமாதம் சாமான் வாங்கும் கடையின் அட்டையைத் தேடுங்கள். அந்தக் கடையில் அட்டை இல்லையென்றால் ரொக்கமே உத்தமம்.

இரண்டாவது, தொகை. 72 வெள்ளிச் சட்டைக்கு 50 வெள்ளி அட்டை கொடுத்தால், மீதி 22 வெள்ளியை அவர் கையிலிருந்து போடவேண்டும். அந்தக் கடையில் அந்தத் தொகைக்கு என்ன கிடைக்கும் என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, கடைச் சீட்டு. பிளாஸ்டிக் அட்டைகள் பலவும் கல்லாவில் பணம் கட்டி இயக்கி வைத்த பிறகுதான் உயிர் பெறும். பணம் கட்டிய ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள். விலை தெரிந்துவிடுமே என்று வெட்கப்பட வேண்டாம், தொகைதான் அட்டையிலேயே இருக்கிறதே! ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்று வைத்துக் கொடுப்பது நம் வழக்கம். உறைக்குள் ஒரு வெள்ளி நோட்டையும் வைத்துவிட்டால் மங்கலமும் குறையாது.

நான்காவது, சற்று மனதைத் தொடும் விஷயம். ரொக்கமாகக் கொடுத்தால் சம்சுக் கடைக்குப் போய்விடும் என்று பயந்து, தங்கை வீட்டுக்கு மளிகை அட்டையாகக் கொடுக்கும் அண்ணன்மார் உண்டு. அந்தப் பணம் அரிசியாகவும் பால்மாவாகவும் அடுப்படிக்கு வந்து சேரும். மிகவும் நல்ல காரியம். ஆனால் அதைச் சபையில் வைத்து, காரணத்தையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். மச்சானுக்கும் மானம் உண்டு. "பிள்ளைகளுக்குச் சாமான் வாங்கிக்கம்மா" என்று தங்கையிடம் தனியாகக் கொடுத்தால் போதும்.

பெறுபவர்களுக்கு

அட்டை கைக்கு வந்த அன்றே அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். எந்தத் தேதி வரை? எந்தக் கிளைகளில் செல்லும்? மீதித் தொகை அட்டையில் நிற்குமா, போய்விடுமா? காகிதப் பற்றுச்சீட்டு என்றால் மீதிச் சில்லறை கிடைக்காமல் போகலாம், எனவே தொகைக்குச் சற்று மேலாகவே சாமான் எடுங்கள். தேதியைச் சுவர்க் காலண்டரில், ஒரு மாதம் முன்கூட்டியே வட்டம் போட்டு வையுங்கள்.

தவணைக் காலம் நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் 2010 முதல் குறைந்தது ஐந்து ஆண்டு. ஆஸ்திரேலியாவில் 2019 நவம்பர் முதல் விற்கும் அட்டைகளுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு. மெல்பர்னில் இருக்கும் மகள் சொன்ன கணக்கை ஈப்போவில் வாங்கிய அட்டைக்குப் போட வேண்டாம். நம் கையிலுள்ள அட்டையில் என்ன அச்சாகியிருக்கிறதோ, அதைத்தான் கல்லாவில் பார்ப்பார்கள்.

தேதி மிச்சம் இருக்கிறதே என்றும் தள்ளிப்போட வேண்டாம். 2011-இல் அமெரிக்காவில் போர்டர்ஸ் புத்தகக் கடைகள் நொடித்து மூடப்பட்டபோது, அட்டையைச் செலவழிக்காமல் வைத்திருந்தவர்கள் பணத்தை இழந்தார்கள். நீங்கள் செலவழிக்காத பணம் கடைக்கு லாபம். கடையே மூடிவிட்டால், கடன் கொடுத்தவர்களின் நீண்ட வரிசையில் நீங்களும் ஒருவர்.

தேதி இருந்தும் கடை ஏற்க மறுத்தால் ரசீதைக் காட்டி மேலாளரிடம் பேசுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை.

அட்டை கேட்கும் திருடர்கள்

இன்னொரு எச்சரிக்கை. போலீஸ் என்றும் வரி இலாகா என்றும் தொலைபேசியில் மிரட்டி, கடையில் அட்டை வாங்கி அதன் எண்ணைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லும் மோசடிக்காரர்கள் உலகம் எங்கும் இருக்கிறார்கள். எந்த அரசாங்க இலாகாவும் அபராதத்தை அன்பளிப்பு அட்டையாகக் கேட்காது. எண் போனால் பணமும் போயிற்று. வங்கிப் பணத்தை ஏமாந்து அனுப்பிவிட்டால் கொஞ்சமும் தாமதிக்காமல் 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

சரி, மீண்டும் அந்தப் பாட்டியிடம் வருவோம். அவளுக்கு வேண்டியிருந்தது என்ன? பேரன் அட்டையைக் கொடுத்த கையோடு, "பாட்டி, இது மார்ச் வரைக்கும்தான் செல்லும். வர்ற ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியிருந்தால் போதும். அவள் சட்டை எடுத்திருப்பாள், அவன் அதைப் போட்டுக்கொண்டு நின்றிருப்பான். திரும்பும் வழியில் லஹாட் சாலைப் பக்கம் லிட்டில் இந்தியாவில் இருவரும் ஒரு டீ குடித்திருப்பார்கள்.

அட்டையைக் கொடுக்கும்போது அதைச் செலவழிக்க ஒரு நாளையும் சேர்த்துக் கொடுங்கள். இப்போது எழுந்து போய் அந்த டின்னைத் திறந்து பாருங்கள்.