முகப்பில் படமா, பதிலா?

மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாவுக்கு வர நினைக்கும் ஒரு ஜெர்மானியருக்கு அந்தக் குன்றின் அழகை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1982இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய அதன் படத்தை அவர் எத்தனையோ இடங்களில் பார்த்திருப்பார். அவர் தேடுவது வேறு. அனுமதிச்சீட்டு எத்தனை டொலர்? எத்தனை மணிக்குத் திறப்பார்கள்? புகையிரதத்தில் போகலாமா? கண்டியிலிருந்து வரும் புகையிரதப் பாதை சீகிரியா வரை போகாமல் மாத்தளை நகரோடு முடிந்துவிடுகிறது. 1880 முதல் இருக்கும் இந்தப் பாதையைப் பற்றி ஊராருக்குத் தெரியும், அவருக்கு யார் சொல்வது? மாத்தளை மாவட்டத்துக்கு வெளிநாட்டவரை அழைக்கும் இணையத்தளம் அரச நிறுவனத்தினுடையதானாலும் சிறு விடுதியினுடையதானாலும், அதன் முகப்புப் பக்கம் முதலில் இந்தக் கேள்விகளுக்கு விடை தரவேண்டும். திரையை அடைத்து நிற்கும் படமும் 'சொர்க்கத்துக்கு வாருங்கள்' என்ற வகை வாசகமும் பிறகு வரட்டும்.

இதை ரசனை பற்றிய சண்டையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பீட்டர் பிரோலி, ஸ்டுவர்ட் கார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட கட்டுரை, மனிதர் தகவல் தேடுவதை விலங்குகள் இரை தேடுவதோடு வைத்துப் பார்த்தது. வாசனை வரும் திசையில் விலங்கு நகரும். வாசனை மங்கினால் வேறிடம் பார்க்கும். இணையப் பக்கத்தில் அந்த வாசனை, அழுத்துவதற்காக வைத்திருக்கும் சொற்களில் இருக்கிறது. 'அனுபவங்கள்' என்ற தலைப்பை அழுத்தினால் என்ன வரும் என்று எவராலும் ஊகிக்க முடியாது. 'கட்டணமும் நேரமும்', 'எப்படி வருவது' என்றால் ஐயமே இல்லை. (மிளகும் கிராம்பும் விளையும் மாத்தளைக்கு வாசனையின் வலிமையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.) இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சனின் குழு 2006இல் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தபோது, வாசகரின் பார்வை மேல் வரிகளில் கிடையாக ஓடி, பிறகு இடது ஓரமாகவே கீழிறங்குவது அடிக்கடி தெரிந்தது. வரியின் முதல் இரண்டு மூன்று சொற்களில் விஷயம் இல்லையென்றால், அந்த வரியை எழுதியும் பயனில்லை.

படம்தானே ஆளை இழுக்கிறது என்று வடிவமைப்பாளர்கள் மறுப்பார்கள். அவர்கள் பக்கமும் சான்று உண்டு. கனடாவில் ஆய்வாளர் கிட்டே லிண்ட்கார்டும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பக்கத்தின் தோற்றம் பிடிக்கிறதா இல்லையா என்பதை மனிதர் 50 மில்லி விநாடியில், அதாவது ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கில், முடிவுசெய்துவிடுகிறார்கள். ஆனால் அந்த ஆய்வு அளந்தது பிடித்ததா என்பதை. புரிந்ததா என்பதை அன்று. ஆகவே நல்ல படம் ஒன்று இருக்கட்டும், ஐந்து விநாடிக்கொருமுறை தானாக மாறும் ஆறு படங்கள் வேண்டாம். வழியில் நின்று கைத்தொலைபேசியில் பார்ப்பவருக்கு அந்தப் பாரம் இறங்கி முடிவதற்குள் பொறுமை போய்விடும். வழி முதலில், படம் பிறகு என்ற கணக்கு சீகிரியாவை அமைத்தவர்களுக்கே தெரிந்திருந்தது போலும். 5ஆம் நூற்றாண்டில் மன்னன் காசியப்பன் காலத்து மேற்குத் தோட்டம் நேர்கோட்டில் குன்றை நோக்கிப் போகிறது. உள்ளே வருபவருக்கு எங்கே போவதென்று குழப்பமே வராது. புகழ்பெற்ற ஓவியங்களை யாரும் வாசலில் தீட்டி வைக்கவில்லை, அவை மேலே இருக்கின்றன.

அடுத்த கேள்வி, பத்து மொழிகளில் எழுதச் சிறு நிறுவனங்களால் முடியுமா என்பது. முடியாது, தேவையும் இல்லை. இன்றைய உலாவிகள் தாமே மொழிபெயர்த்துக் காட்டுகின்றன. அதற்கு வாக்கியம் சிறிதாகவும், எழுத்து எழுத்தாகவே பக்கத்தில் பதிந்தும் இருக்கவேண்டும். திறக்கும் நேரத்தை அழகான சுவரொட்டிப் படத்துக்குள் எழுதிவைத்தால், உலாவி பெரும்பாலும் அதைத் தொடாமல் விட்டுவிடும்; பார்வையற்றோர் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருளும் தடுமாறும். 03/04 என்று தேதி போட்டால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தின் பெயரை எழுதிவிட்டால் தீர்ந்தது. மொழியைத் தேர்ந்தெடுக்கக் கொடிகளை வைப்பது அதைவிடப் பெரிய பிழை. இலங்கைக் கொடியை அழுத்தினால் வரப்போவது சிங்களமா, தமிழா? மொழியின் பெயரை அந்தந்த எழுத்திலேயே எழுதுவதுதான் முறை. தமிழை உள்ளூர்க்காரருக்கான சலுகையாகவும் நினைக்கக்கூடாது. அண்மை ஆண்டுகளில் இலங்கைக்கு அதிகம் பேர் வருவது இந்தியாவிலிருந்துதான். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர் எந்த நாளில் என்று தமிழ்நாட்டிலிருந்து தேடுபவரும் வெளிநாட்டுப் பயணியே.

எல்லாம் கூகுளில் கிடைக்கிறதே, முகப்புப் பக்கம் எதற்கு என்பாரும் உண்டு. கிடைக்கிறது, பழைய கட்டணமும் அங்கேதான் கிடைக்கிறது. மூலத் தளம் தெளிவாகச் சொல்லாததைப் பயணக் குறிப்பு எழுதுபவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள், கடைசியில் சீட்டு விற்கும் கவுண்டரில்தான் வாக்குவாதம் வெடிக்கிறது. கட்டணத்துக்குப் பக்கத்தில் அது எப்போது திருத்தப்பட்டது என்ற ஒரு வரி போதும். இடத்துக்குச் சொந்தக்காரர் மட்டுமே உறுதியாகச் சொல்லக்கூடிய செய்திகளும் நிறைய உண்டு. சீகிரியாவில் ஏறத்தாழ 1,200 படிகள், சத்தம் போட்டால் குளவி கலையும் அபாயம். தம்புள்ளைக் குகைக் கோயிலில் தோளும் முழங்காலும் மூடிய உடை, வெறுங்கால், புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கத் தடை. வறண்ட வடபகுதியையும் மழையும் மூடுபனியுமான நக்கிள்ஸ் மலையையும் ஒரே மாவட்டத்துக்குள் வைத்திருக்கிறோம். 'நல்ல காலநிலை' என்று பொதுவாக எழுதினால் இரண்டில் ஒரு இடத்துக்கு அது பொய். இடவாரியாக, மாதவாரியாக எழுதவேண்டும்.

தளம் வைத்திருப்பவர்கள் பெரிய ஆய்வு எதையும் நடத்தத் தேவையில்லை. ஒரு பக்கத்தின் பெரும்பாலான குறைகளைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் போதும் என்று நீல்சன் 2000இல் எழுதினார். கட்டணம், நேரம், வழி மூன்றையும் முகப்பில் கண்டுபிடிக்கச் சொல்லி ஐந்து வெளிநாட்டவர் கையில் தொலைபேசியைக் கொடுங்கள். அவர்கள் தேடும்போது குறுக்கே எதுவும் பேசாதீர்கள். தம்புள்ளையிலும் சீகிரியாவிலும் உள்ள விடுதிகளின் காலைச் சாப்பாட்டு மேசையில் அந்த ஐந்து பேர் கிடைப்பார்கள்.